கிராணியாரின் தங்கை

எனக்கு எட்டு வயதில் படிப்பு நின்றது. அண்ணனின் இங்கிலீஷ் படிப்பு அதே மாதத்தில்தான் ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே யார்டில் வேகன்களைக் கொக்கி மாட்டி இணைக்கிற வேலை பார்த்தவர். மழை பெய்த ஒரு காலையில் இரண்டு வேகன்களுக்கு நடுவே வழுக்கி விழுந்துவிட்டார். நான் அப்போது கைக்குழந்தை. அண்ணனுக்கு மூன்று வயது. வேலை பார்த்தவர் செத்த பிறகு ரயில்வே குவாட்டர்ஸில் அவர் குடும்பம் இருக்க முடியாது. அக்கம்பக்கத்தார் நாலு பேர் சேர்ந்து, குவாட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கம், செங்கல்லுக்கு மண் தோண்டிப் போட்ட பள்ளங்களின் ஓரத்தில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். யாருடைய நிலம் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஒரு கிழட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டினாள். அதிலிருந்து ஆரம்பித்து, எனக்கு எட்டு வயதாகும்போது எங்கள் கொட்டகையில் ஆறு மாடுகள் நின்றன.

கோயிலை ஒட்டி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார். அண்ணனும் நானும் அங்கேதான் படித்தோம். எனக்குப் படிப்பு வந்தது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நான் இரண்டாம் வகுப்பிலேயே தடுக்காமல் வாசித்தேன். வாத்தியார் என்னைப் பெரிய பையன்களுக்கு முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வார். அண்ணனும் அந்தப் பையன்களில் ஒருவனாக உட்கார்ந்திருப்பான். அவனும் கெட்டிக்காரன்தான். கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

நாங்கள் பால் ஊற்றுகிற வீடுகளில் ஒன்று யாழ்ப்பாணத்துக் கிராணியார் வீடு. ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவரைக் கிராணி என்பார்கள். அந்தக் கிராணியாருக்கு ரயில்வேயில் நல்ல மதிப்பு. அவர் ஒருநாள் அண்ணனைக் கூப்பிட்டு வாய்க்கணக்குக் கேட்டுப் பார்த்துவிட்டு, இவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடலாம், நானே பெரிய வாத்தியாரிடம் சொல்கிறேன் என்றாராம். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள, நாளையிலேருந்து நீ பள்ளிக்கூடம் போவ வேணாம். பாலு கொண்டு போவ ஆளு இல்ல," என்றாள்.

"அண்ணன் கொண்டு போவட்டும்."

"அவன் எப்படிக் கொண்டு போவான்? அவன் இங்கிலீசு படிக்கப் போறானில்ல."

அதோடு பேச்சு முடிந்தது. வாத்தியார் இரண்டு தடவை வந்து கேட்டார். இரண்டாம் தடவை அம்மா அவருக்கு ஒரு செம்பு பால் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

விடிகிற நேரத்தில் நான் கிளம்புவேன். குவாட்டர்ஸ் வரிசையில் முதலில் ஊற்றுவேன். பிறகு யாழ்ப்பாணத்தார் வரிசை. கடைசியாக மேட்டின் மேலே இருந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களா. கிராணியார் வீட்டு அம்மா நல்லவர். ஆனால் பாலைப் பின்பக்கப் படியில்தான் வைக்க வேண்டும். "என்ன பிள்ளை, இண்டைக்கு ஏன் பிந்திட்டுது?" என்பார். கொஞ்சம் பொறுத்து, "உன்ர அண்ணன் நல்லாப் படிக்கிறானாமே. நீயும் படிச்சிருக்கலாம்," என்பார். தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பங்களாவில் யாரும் பேச மாட்டார்கள். சீனச் சமையல்காரர் பாத்திரத்தை நீட்டுவார். துரைசாணி சில நாள் வராந்தாவில் நின்று "மில்க்" என்பாள், "டுமாரோ" என்பாள், "நோ" என்பாள். நான் கற்ற இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அண்ணன் பள்ளிக்கூடம் போவதற்கு முன் தெருக்குழாயில் இரண்டு தடவை குளிப்பான். சட்டையைக் கொட்டகைப் பக்கம் கொண்டுவரவே விடமாட்டான். அங்கே பையன்கள் அவனை "மாட்டுக் கொட்டா" என்று கூப்பிடுவதாக ஒருநாள் அம்மாவிடம் சொல்லி அழுதான். அம்மா அவன் உடுப்பையும் புத்தகத்தையும் வைக்கப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை பாசார் சந்தையிலிருந்து வாங்கிவந்தாள். சாண வாடை உள்ளே போகாத அளவுக்கு மூடி இறுக்கமானது. என் பாவாடை கொட்டகைக் கம்பில்தான் தொங்கும்.

ஒரு நாள் எனக்கு என்ன வந்ததோ, அவன் குளிக்கப் போயிருந்த நேரம் அந்த டின்னைத் திறந்து அவனுடைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தேன். படம் இருந்தது. தொப்பி போட்ட ஒரு பெண், கையில் கூடை. பக்கத்தில் எழுத்துகள். அவற்றில் ஒன்றைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடியாத புத்தகம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அப்படியே கொண்டுபோய் மண் பள்ளத்துத் தண்ணீரில் எறிந்தேன். அது உடனே முழுகவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ரோத்தான் பிரம்படி. உள்ளங்கை இரண்டும் வீங்கி வந்தான். அம்மா கேட்டபோது, "வழியில விழுந்திருச்சும்மா," என்றான். நான் கொட்டகையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. இதையும் எழுதாமல் விட்டால் அவனைப் பற்றி நான் சொல்லும் மற்றது எதுவும் நியாயமாக இருக்காது.

நான் வளர வளர ஊரும் மாறிக்கொண்டிருந்தது. சடக்கு என்று நாங்கள் சொல்லும் செம்மண் ரோட்டில் தார் ஊற்றினார்கள். நம் பெண்கள்தான் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கல் பரப்பினார்கள். காலில் சாக்கைக் கட்டியிருப்பார்கள். மாட்டு வண்டிகள் குறைந்து மோட்டார் லோரிகள் வந்தன. மண் பள்ளங்களை ஒவ்வொன்றாக மூடி, அதன்மேல் புது வரிசைகள் எழும்பின. தெருவில் மின்சார விளக்கு வந்த அன்று நான் அதன் கீழே போய் நின்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. ஊர் வளர்ந்தால் பாலுக்கும் கிராக்கி கூடும் என்று அம்மாவும் நினைத்தாள். கொஞ்ச காலம் கூடவும் செய்தது. பிறகு காப்பிக் கடைகளில் டின் பால் வந்தது. இரண்டு துளை போட்டுக் கவிழ்த்தால் போதும், கெட்டியாக, இனிப்பாக இறங்கும். கெட்டுப்போகாது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எங்களை நிறுத்தினார்கள்.

அப்புறம் அந்த வெள்ளம் வந்தது. பல நாள் அடைமழை. ஒரு பகலில் ஆறு கரை தாண்டி எங்கள் கொட்டகைக்குள் வந்தது. முதலில் கணுக்கால், சாப்பிட்டு எழுவதற்குள் முழங்கால். அண்ணன் அப்போது கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அம்மா அந்த பிஸ்கட் டின்னை அவன் தலையில் ஏற்றி, "நீ கிராணியார் வூட்டுக்குப் போய்யா. புஸ்தகம் நனைஞ்சிரும்," என்றாள். கிராணியார் வீடு தூண்களின் மேல் உயரமாகக் கட்டியது. அவன் தயங்கினான்.

"மாடெல்லாம்?" என்றான்.

"அதுக்குத்தான் இவ இருக்காளே. போ."

அவன் போனான். என்னிடம் அம்மா, "நீ கயித்தப் புடி," என்றாள். நானும் அம்மாவும் ஆறு மாடுகளையும் இரண்டு கன்றுகளையும் ரயில் பாதையின் மேட்டுக்கு ஏற்றினோம். ஒரு கன்று பாதி வழியில் காலை விட்டுவிட்டது. கயிறு என் கையைக் கிழித்துக்கொண்டு போனது. அது கத்திக்கொண்டே போய், மூழ்கிய வேலி ஒன்றில் இடித்து, பிறகு சத்தம் இல்லை. அம்மா என்னை அடித்தாள். அந்த மேட்டில், அத்தனை பேருக்கு முன்னால், பதினாலு வயதுப் பெண்ணைக் கன்னத்தில் அடித்தாள். பிறகு தன் முந்தானையைக் கிழித்து என் கையில் கட்டினாள். வெள்ளம் வடிகிறவரை மூன்று நாள் அந்தத் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தோம். கூரையே இல்லாமல் கறந்தோம். வாங்க ஆள் இல்லாததால் பாலை அங்கே இருந்த குழந்தைகளுக்கெல்லாம் ஊற்றினோம்.

அண்ணன் பரீட்சையில் தேறினான். கிராணியாரின் சிபாரிசில் டவுனில் சுகாதார ஆபீஸ் ஒன்றில் எழுத்து வேலை கிடைத்தது. முதல் நாள் அவன் வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றபோது அம்மா கும்பிட்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கும்பிடுகிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவன் டவுனில் நண்பர்களோடு ஓர் அறை எடுத்துக்கொண்டான். ஆபீஸுக்குப் பக்கம் என்றான். ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்தால் வீட்டுக்குள் வரமாட்டான், வெளியே பெஞ்சில் உட்காருவான். அம்மா அவனுக்கென்று எடுத்து வைத்த தயிரைச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை நேராக்கப் போகிறார்கள், கரையில் இருப்பவர்களைக் கிளப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பேச்சுதானே என்று இருந்தோம். ஒரு காலையில் சங்கிலி பிடித்து அளக்கிறவர்கள் இருவர் வந்து கொட்டகையை அளந்தார்கள். எதற்கு என்றால் தெரியாது என்றார்கள். மறுவாரம் ஒரு பியூன் சைக்கிளில் வந்து இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தான். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணங்கிட்ட கொண்டு போ. என்னான்னு கேட்டுட்டு வா. பெரிய கிராணியா இருக்கான், நம்மள விட்ருவானா?"

நான் நடந்தே போனேன். ஆபீஸ் வாசலில் படி ஏறாமல் ஓரமாக நின்றேன். ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினேன். வெகுநேரம் கழித்து அண்ணன் வந்தான். கழுத்தில் டை கட்டியிருந்தான். விரல்களில் மை.

"இங்க எதுக்கு வந்த?"

காகிதத்தை நீட்டினேன். வாங்கினான். ஒரு பார்வை பார்த்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்தான்.

"நீ படிக்கவே இல்லையே, அண்ணே."

"டவுனுக்குள்ள மாடு கட்டக் கூடாது. சட்டம் வந்திருக்கு. ஒரு மாசத்துல கொட்டாயப் பிரிக்கணும். இல்லாட்டி அவுங்களே வந்து பிரிச்சிருவாங்க."

"படிக்காம எப்படித் தெரியும்?"

அவன் விரல் மையைத் தேய்த்துக்கொண்டான். நான் மறுபடி கேட்டேன்.

"நாந்தான் டைப் அடிச்சேன்," என்றான். "எல்லாருக்கும் அடிச்சேன். நம்மளுக்கு மட்டும் இல்ல."

"எப்ப?"

"மூணு மாசம் இருக்கும்."

மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் அம்மா கொட்டகைக்குப் புது அத்தாப்பு மாற்றியிருந்தாள். மாட்டுத் தீனி விற்பவரிடம் சொல்லி இன்னொரு கறவை மாடு வாங்கிக் கட்டியிருந்தாள். அந்த மாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை இவனிடம் காட்டி, எப்படி இருக்கு என்று கேட்டாள். நல்லாருக்கு என்று சொன்னான்.

"ஏன் சொல்லல?"

"ஆபீஸ் விஷயம், வெளிய சொல்லக் கூடாது. சொன்னது தெரிஞ்சா வேல போயிரும். போனா யாரு எனக்கு மறுபடி வேல குடுப்பா, நீ குடுப்பியா?"

அப்போது உள்ளிருந்து இன்னொரு கிராணி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணனிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அண்ணன் சிரித்தபடி பதில் சொன்னான். அந்தப் பதிலில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. "மில்க்" என்றான். அந்தக் கிராணி தலையாட்டிவிட்டுப் போனார்.

யார் என்று கேட்டிருக்கிறார், பால் கொண்டுவருகிறவள் என்று சொல்லியிருக்கிறான். இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

நான் திரும்பி நடந்தேன். அவன் பின்னால் இரண்டு எட்டு வந்தான் என்று நினைக்கிறேன். "அம்மாகிட்ட பக்குவமா சொல்லு," என்றான். வீட்டில் காகிதத்தில் இருந்ததை மட்டும் சொன்னேன். டைப் அடித்ததைச் சொல்லவில்லை. "அண்ணன் பேசிப் பாத்தானா?" என்று அம்மா கேட்டாள். பேசிப் பார்த்தான், முடியவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அம்மாவுக்காக என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வெட்கத்தை மறைக்கத்தான் என்று பிறகு தோன்றியது.

மூன்று மாடுகளை விற்றோம். புதிதாக வாங்கியது அதில் ஒன்று. மிச்சத்தை ஓட்டிக்கொண்டு கிள்ளான் சடக்கு வழியாக சுங்கை வே என்ற ஊருக்கு நடந்தோம். அங்கே கித்தா என்கிற ரப்பர் மரக்காட்டின் ஓரத்தில் தெரிந்தவர் ஒருவர் குடிசை போட இடம் விட்டிருந்தார். நாங்கள் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் அண்ணன் வரவில்லை. ஒரு லோரியைப் பேசி அனுப்பினான். மாடுகள் அதில் ஏறவில்லை, மிரண்டு நின்றன. அம்மா சட்டி பானையை மட்டும் அதில் ஏற்றினாள். சினையாக இருந்த மாடு ஒன்று அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கன்றைப் போட்டுவிட்டது. உயிரில்லாத கன்று.

சுங்கை வேயில் பால் என்று சொன்னால் கித்தாப் பால் என்றுதான் அர்த்தம். மாட்டுப் பால் வாங்க அங்கே யாருக்கும் வழி இல்லை. சுற்றியிருந்த கம்பத்துக் கிராம வீடுகளுக்கும், ஈயம் தோண்டுகிற குட்டைக்காரச் சீனர்கள் ஒன்றிரண்டு பேருக்கும் ஊற்றினோம். மற்ற நேரத்தில் இருவரும் பட்டையைக் கீறிக் கித்தாப் பால் எடுக்கிற மரம் வெட்டு வேலைக்குப் போனோம். நான் பிறந்து வளர்ந்த ஊர் நாலு மணி நேர நடையில் இருந்தது. ஆனால் அங்கே போக எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு தடவை கோயில் திருவிழாவுக்குப் போனேன். எங்கள் கொட்டகை இருந்த இடத்தைத் தேடினேன். ஆற்றையே தள்ளி வெட்டியிருந்தார்கள். எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னைப் பெண் கேட்டு மூன்று நாலு பேர் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொன்னாள். ஒருவர் குடிப்பவர், ஒருவர் கப்பலில் ஊருக்குத் திரும்பிப் போகிறவர், ஒருவருக்கு வயது அதிகம். காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். ஆபீஸ்களிலும் ஆள் குறைத்தார்கள். ஒரு மத்தியானம் நான் தவிடு பிசைந்துகொண்டிருக்கும்போது, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்த ஒரு ஆளோடு அண்ணன் ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தான். காலில் போட்டிருந்த சப்பாத்து முழுக்கச் சேறு. வேலை போய்விட்டது.

அம்மா ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினாள். "பசியாறினியாய்யா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இருந்த ஒரே கட்டிலை அவனுக்குப் போட்டாள். தினமும் முதலில் கறந்த பாலைக் காய்ச்சி அவனுக்குக் கொடுத்தாள். நாலு மாதம் இருந்தான். ஒரு நாள்கூடக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வேலை கேட்டுக் கடுதாசி எழுதுவான், தபாலில் போட என்னை அனுப்புவான். நான் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஒருநாள் அவனே, "கையில அந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?" என்று கேட்டான். வெள்ளத்தின்போது கயிறு கிழித்தது என்றேன். "அப்படியா," என்றான். அவனுக்கு அது தெரியாமலே இத்தனை வருஷம் போயிருந்தது.

அவனுக்குக் கிள்ளானில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த அம்மாவின் முகம் நிறைந்திருந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். அவன்தான் அந்தக் காகிதத்தை டைப் அடித்தான், மூன்று மாதம் முன்பே தெரியும், புது அத்தாப்பு போடும்போதும் தெரியும், புது மாடு வாங்கும்போதும் தெரியும். ஆபீஸ் வாசலில் என்னைப் பால்காரி என்று சொன்னான்.

அம்மா சாணத்தை அள்ளிக்கொண்டே கேட்டாள். நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ திரும்பி வந்த மொகத்தப் பாத்தே தெரியும். அவன் ஆபீஸ்லருந்து வந்த காயிதம் அவனுக்குத் தெரியாம இருக்குமா?"

"உனக்குக் கோவமே வரலியாம்மா?"

"கோவப்பட்டு என்ன? நம்மள வுட்டுப் போவத்தானே படிக்க வச்சேன். போயிட்டான். சாணி வாடையோட நின்னுகிட்டா கிராணி வேல பாக்க முடியும்?"

"அப்ப நானு?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். என்னை அவள் அவ்வளவு நேராகப் பார்த்தது அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

"உன்னையும் படிக்க வச்சிருந்தா நீயும் போயிருப்ப. அவன விட நீதான் நல்லாப் படிச்ச. வாத்தியாரு சொன்னாரு, எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் போயிட்டா நான் என்னா பண்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்கு என்ன தீனி போட வேண்டும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாணக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அத்தனை வருஷமும் என் கோபம் முழுக்க அவன் மேல் இருந்தது. ஆள் மாற்றிக் கோபப்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கொட்டகையில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து கறந்தோம். பிறகும் ஆறேழு வருஷம் அப்படியே கறந்தோம். அவளுக்கு மூட்டு வலி வந்தபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என் மனசில் இருந்த எதையும் அவளிடம் சொன்னதும் இல்லை. அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் கிள்ளானில் கல்யாணம் செய்துகொண்டான். பெண் வீட்டார் வசதியானவர்கள். நாங்கள் கல்யாணத்துக்குப் போனோம், பின் வரிசையில் உட்கார்ந்தோம். என் கல்யாணம் அம்மா போன பிறகுதான் நடந்தது.

அம்மா மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆள் அனுப்பினேன். அண்ணன் மனைவியோடு ஒரு காரில் வந்தான். அவனுடைய கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் இன்னொரு காரில் வந்தார்கள். கித்தாக் காட்டுக்குள் கார் வராது, சடக்கிலேயே நிறுத்திவிட்டுக் கவனமாகக் காலை வைத்து நடந்து வந்தார்கள். அண்ணன் அழுதான். உண்மையாகவே அழுதான். கொள்ளி வைத்துவிட்டு வந்து மொட்டைத் தலையோடு வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

வந்தவர்களில் வயதான ஒருவர் என்னிடம் வந்தார். மரியாதையானவர். "உங்க அண்ணன் எல்லாம் சொல்லியிருக்காரு தங்கச்சி. உங்கப்பா ரயில்வேல பெரிய கிராணியா இருந்தவராமே. சின்ன வயசுல போயிட்டாராம். அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க. பொழுதுபோக்குக்குன்னு ரெண்டு மாடு வச்சிருந்தாங்களாமே?"

அண்ணன் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பயம் இருந்தது. அவன் பயந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேகனுக்கு நடுவே செத்த கொக்கிக்காரர் என்று சொன்னால் போதும்.

"ஆமாங்க அண்ணே," என்றேன்.

அவனுக்காகச் சொன்னேன் என்று அவன் நினைத்திருப்பான். அப்படி இல்லை. அந்த மனுஷனுக்கு முன்னால், சாண வாடை அடிக்கிற அந்த வாசலில், கிராணியாரின் மகளாக ஒரு நிமிஷம் நிற்க எனக்கே ஆசையாக இருந்தது. அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. இல்லாத முகத்தை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

காலையிலிருந்து யாரும் கறக்கவில்லை. மூன்று மாடுகளும் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தன. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று அண்ணன் மனைவி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "டின் பால் இருக்கா?" என்று. நான் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.